காற்றில் உதிர்ந்த கனி

நம் ஊர்ப் பேச்சில் ‘பென்ஷன்’ என்ற சொல்லுக்கு அரசாங்க உத்தியோகம் என்பதே முதற்பொருள். தாசில்தார் அலுவலக எழுத்தருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அது உண்டு. ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கு இல்லை. அமெரிக்காவின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. அங்கே கடைச் சிப்பந்தியும் ஆலைத் தொழிலாளியும் வங்கி அதிகாரியும் முதுமையில் மத்திய அரசிடமிருந்து மாதந்தோறும் ஒரு தொகை பெறுகிறார்கள். உழைத்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஈடாக வருவது அது. ‘சோஷியல் செக்யூரிட்டி’ என்ற அந்தப் பெருங்கூரைக்கு வெளியே நெடுங்காலம் நின்றவர்களில் அரசு ஊழியர்களும் அடக்கம். அவர்களுக்கென்று தனியே ஓர் ஓய்வூதியம் இருந்தது. ஒரே மனிதர் தம் வாழ்நாளில் இரண்டு கூரைகளின் கீழும் உழைத்திருந்தாலோ, ஒரே வீட்டில் கணவர் ஒரு கூரையின் கீழும் மனைவி மற்றதன் கீழும் இருந்தாலோ முதுமையில் யாருக்கு எவ்வளவு? 1977 முதல் 2025 வரை அமெரிக்கச் சட்டமன்றத்தை விடாமல் தொந்தரவு செய்த கேள்வி இது. கணக்குப்பிள்ளைகளின் சமாசாரம் போலத் தோன்றினாலும், இதற்குள் ஒரு விதவையின் மளிகைச் செலவும், ஆண்பெண் சமத்துவத்துக்கான ஒரு பெரிய வழக்கும் சேர்ந்து கிடக்கின்றன.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று கையொப்பமிட்ட சட்டத்தில் பலர் விடுபட்டிருந்தனர். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சேர்க்கப்படவில்லை. கறுப்பின உழைப்பாளிகளில் மிகப் பெரும்பகுதியினர் இதனால் வெளியே நின்றார்கள். அந்தக் கதை தனியே எழுதத் தக்கது. அரசு ஊழியர் விடுபட்டதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மாநில அரசுகள் கொடுக்கும் சம்பளத்தின் மீது மத்திய அரசு வரி போடலாமா என்ற அரசியலமைப்புச் சந்தேகம். மற்றொன்று, அவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஓய்வூதியம் இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1920-லேயே தனித் திட்டம் வந்துவிட்டது. கலிபோர்னியா ஆசிரியர்களுக்கு 1913-இல், ஒஹையோ ஆசிரியர்களுக்கு 1920-இல், டெக்சஸ் ஆசிரியர்களுக்கு 1937-இல் என்று மாநிலத்துக்கு மாநிலம் ஓய்வூதிய நிதிகள் எழுந்தன.

பிறகு கதவு மெல்லத் திறந்தது. மாநிலங்கள் விரும்பினால் தம் ஊழியர்களைச் சேர்க்கலாம் என்று 1950-இல் சட்டம் திருத்தப்பட்டது. தனி ஓய்வூதியம் உள்ள ஊழியர்களும் வாக்கெடுப்பு நடத்திச் சேரலாம் என்று 1954-இல் மேலும் இளகியது. பல மாநிலங்கள் சேர்ந்தன. கலிபோர்னியா, டெக்சஸ், இல்லினாய், லூசியானா, மாசசூசெட்ஸ், ஒஹையோ போன்றவற்றின் ஆசிரியர்கள் சேரவில்லை. அவர்களுக்குத் தம் நிதியே போதுமானதாகப் பட்டது. இரண்டு இடத்தில் சந்தா கட்டுவானேன் என்ற எண்ணமும் இருந்திருக்கும். சேர்ந்தவர்கள் விலகவும் அன்று தடையில்லை. அலாஸ்கா மாநில அரசு 1980-இல் தன் ஊழியர்களோடு வெளியேறிவிட்டது. ஒரே தேசத்தில் ஒரே வேலையைச் செய்யும் இரு ஆசிரியைகளில் ஒருத்தி கூரைக்கு உள்ளே, ஒருத்தி வெளியே என்ற நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

இனி வழக்குக்கு வருவோம். ஹானா கோல்ட்ஃபார்ப் என்ற பெண்மணி நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றி, சோஷியல் செக்யூரிட்டிக்கான வரியை முழுமையாகக் கட்டிவந்து, 1968-இல் காலமானார். கணவர் லியோன் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் கணக்கிலிருந்து துணையை இழந்தோருக்கான தொகையைக் கேட்டு அவர் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கணவனை இழந்த பெண் என்றால் எந்தக் கேள்வியும் இல்லை, அவள் கணவனை நம்பி வாழ்ந்தவள் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். மனைவியை இழந்த ஆணோ, தன் ஜீவனத்தில் குறைந்தது பாதியாவது மனைவியின் சம்பாத்தியத்தால் நடந்தது என்று நிரூபிக்கவேண்டும். லியோனால் அது முடியாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. லியோனுக்காக வாதாடியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக 27 ஆண்டுகள் அமர்ந்தவர். இறந்துபோன ஹானாவின் பக்கம் நின்று பேசியதுதான் அவர் வாதத்தின் நுட்பம். ஓர் ஆண் கட்டும் வரி அவன் குடும்பத்துக்கு வாங்கித் தரும் பாதுகாப்பை, அதே வரியைக் கட்டிய பெண்ணின் குடும்பத்துக்கு ஏன் தருவதில்லை? பெண்ணின் உழைப்புக்கு மட்டும் மதிப்புக் குறைவா? 1977 மார்ச் 2 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் லியோன் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண்கள் நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று விழுந்தது.

நியாயமான தீர்ப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நிழலில் வேறொன்று முளைத்தது. தங்களுக்கென நல்ல ஓய்வூதியம் வாங்கும் அரசு ஊழியரான ஆண்கள், மனைவியின் கணக்கிலிருந்தும் இனித் தொகை கேட்டு வரிசையில் நிற்பார்கள் என்று சட்டமன்றம் கணக்குப் போட்டது. ஆணுக்கு மட்டும் தடை போட இனி வழியில்லை. ஆகவே இருபாலாருக்கும் பொதுவாக ஒரு தடையை வகுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட திருத்தத்தில், சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே ஈட்டிய அரசு ஓய்வூதியம் ஒவ்வொரு டாலருக்கும், கணவர் அல்லது மனைவி கணக்கிலிருந்து வரும் தொகையில் ஒரு டாலர் கழிக்கப்படும் என்று எழுதினார்கள். ‘கவர்ன்மென்ட் பென்ஷன் ஆஃப்செட்’ என்று இதற்குப் பெயர். அரசு ஓய்வூதியக் கழிப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆண்களை மனத்தில் வைத்து வகுத்த விதி யாரைப் போய்த் தொட்டது? அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் கணவன்மார் தனியார் வேலைகளில் இருந்து வரி கட்டியவர்கள். முன்பு எந்தக் கேள்வியுமின்றி விதவைக்குக் கிடைத்துவந்த தொகை இப்போது கழிப்பில் கரைந்தது. ஓய்வை நெருங்கிவிட்ட பெண்கள் பழைய விதியை நம்பித் திட்டமிட்டிருப்பார்கள் என்பதற்காக ஐந்தாண்டுச் சலுகைக் காலம் ஒன்றைச் சட்டம் அவர்களுக்கு மட்டும் தந்தது. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற ராபர்ட் மேத்யூஸ் என்பவர் எனக்கு ஏன் அந்தச் சலுகை இல்லை என்று வழக்குப் போட்டார். 1984-இல் உச்ச நீதிமன்றம் சலுகை செல்லும் என்று சொல்லிவிட்டது. சலுகைக் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

1983 மற்றோர் ஆண்டு. சோஷியல் செக்யூரிட்டியின் நிதி சில மாதங்களில் வற்றிவிடும் என்ற நிலையில், ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையை அடியொற்றி ஒரு பெருந்திருத்தம் வந்தது. ரொனால்ட் ரேகன் ஏப்ரல் 20 அன்று அதில் கையொப்பமிட்டார். 1984 முதல் சேரும் மத்திய அரசு ஊழியர்கள் எல்லோரும் கூரைக்குள் வரவேண்டும். மாநிலங்கள் இனி வெளியேற முடியாது. மேற்சொன்ன கழிப்பு, முழு ஓய்வூதியத்திலிருந்து அதன் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. பிரதிநிதிகள் அவை மூன்றில் ஒரு பங்கு என்றே எழுதியிருந்தது; இரு அவைகளின் பேரம் முடிந்தபோது அது இரண்டு பங்காயிற்று. அதற்குப் பின் 40 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ வீடுகளின் வரவு செலவை அந்தப் பின்னம் தீர்மானித்தது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆசிரியைக்கு மாதம் 2100 டாலர் ஓய்வூதியம். மூன்றில் இரண்டு பங்கு 1400. இறந்த கணவரின் கணக்கிலிருந்து வரவேண்டியது 1300. கழித்தால் மிச்சம் பூஜ்யம். அடுத்த வீட்டுப் பெண் ஒரு நாளும் சம்பளத்துக்கு வேலை செய்ததில்லை; அவளுடைய கணவரும் அதே 1300-க்கு உரியவர். அவளுக்கு 1300-ம் முழுதாக வரும். முப்பது வருஷம் கரும்பலகைத் தூசியைச் சுவாசித்ததற்குத் தண்டனையா என்று அந்த ஆசிரியை கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில் ஒன்று இருக்கத்தான் செய்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். மூன்றாவது வீட்டில் ஒரு மருந்துக்கடைப் பணிப்பெண் இருக்கிறாள். வாழ்நாள் முழுதும் வரி கட்டியவள். சொந்தக் கணக்கில் அவளுக்கு 1400, கணவர் கணக்கில் 1300. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. எது பெரிதோ அதுமட்டும்தான். அப்படியிருக்க ஆசிரியைக்கு மட்டும் 2100-உடன் 1300-ஐச் சேர்த்துக் கொடுப்பது எந்த நியாயம்? முதல் வீட்டை இரண்டாம் வீட்டோடு ஒப்பிட்டால் அநீதி. மூன்றாம் வீட்டோடு ஒப்பிட்டால் சமநீதி. 40 ஆண்டு விவாதமும் எந்த வீட்டை எட்டிப் பார்ப்பது என்பதிலேயே சுழன்றது.

அதே 1983 திருத்தத்தில் இரண்டாவது விதியும் வந்தது. ‘விண்ட்ஃபால் எலிமினேஷன்’ என்று அதன் பெயர். விண்ட்ஃபால் என்றால் காற்றடித்துத் தானாக உதிர்ந்த கனி. மரமேறிப் பறிக்காமலே மடியில் விழுவது. அதை நீக்குவதாம். ஒரு மனிதன் வரி கட்டிச் சேர்த்த தொகைக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர்கள் மொழியறிவில் குறைந்தவர்களாக இருக்கமுடியாது. பெயரிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது.

இந்த விதி தொட்டது துணைவரின் கணக்கை அல்ல, ஊழியரின் சொந்தக் கணக்கை. சோஷியல் செக்யூரிட்டித் தொகையைக் கணக்கிடும் முறை ஏழைக்குச் சாய்ந்த தராசு. அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் ஊதியத்தைக் கூட்டி மாதச் சராசரி காண்பார்கள். அந்தச் சராசரியின் முதல் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு, அடுத்த பகுதியில் முப்பத்திரண்டு, அதற்கும் மேல் பதினைந்து என்று தருவார்கள். 2024-இல் 62 வயதை எட்டியவர்களுக்கு முதல் பகுதி 1174 டாலர் வரை. மாதம் சராசரியாக 1000 டாலரே சம்பாதித்து 35 ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு 900 கிடைக்கும். ஏழையின் முதுமைக்கு இது உகந்த ஏற்பாடு.

இன்னொருவர் மாதம் 3500 டாலருக்குப் பத்து ஆண்டுகள் தனியார் கம்பெனியில் இருந்துவிட்டு, அதே அளவு சம்பளத்தில் 25 ஆண்டுகள் ஆசிரியராக இருக்கிறார். ஆசிரியப் பணி கூரைக்கு வெளியே; அந்த 25 ஆண்டுகளும் ஏட்டில் பூஜ்யம். பத்து ஆண்டுச் சம்பாத்தியத்தை 35-ஆல் வகுத்தால் சராசரி அதே 1000. ஏடு இவரையும் பரம ஏழை என்று நினைத்துக்கொண்டு 900-ஐ நீட்டுகிறது. இவருக்கு ஆசிரியர் ஓய்வூதியம் வேறு வருகிறது. காற்றில் உதிர்ந்த கனி என்றது இதைத்தான், இதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

நியாயத்தைக் கோடரியால் வெட்டியதுதான் தவறு. முதல் பகுதியின் தொண்ணூறை நாற்பதாக்கினார்கள். மேற்படி ஆசிரியரின் 900 ஒரே வெட்டில் 400 ஆகிவிடும். கூரைக்குள் கணிசமான ஊதியத்தோடு 30 ஆண்டுகள் இருந்தவருக்கு வெட்டில்லை. 21 முதல் 29 ஆண்டுகள் என்றால் படிப்படியாகக் குறையும். வெட்டு ஓய்வூதியத்தின் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் ஒரு காப்பு வைத்தார்கள். உண்மையில் அவருக்கு உரியது எவ்வளவு? 35 ஆண்டுகளும் அதே 3500 டாலருக்கு வரி கட்டியிருந்தால் அவருக்குச் சுமார் 1801 கிடைத்திருக்கும். அவர் கட்டியது பத்து ஆண்டுகளுக்கு. முப்பத்தைந்தில் பத்துப் பங்கு என்றால் ஏறத்தாழ 515. ஆகப் பழைய முறையில் 900 என்பது அதிகம், புதிய விதியில் 400 என்பது குறைவு. நடுவே 515 என்ற நேரான எண் யாருக்கும் கிடைக்காமல் நின்றது.

அந்த எண்ணை அன்றே ஏன் எடுக்கவில்லை? ஏடு இல்லை என்பதே காரணம். கூரைக்கு வெளியே ஒருவர் சம்பாதித்ததன் பதிவு 1978-க்குப் பிறகே மத்திய அரசின் கைக்கு வரத் தொடங்கியது. 1983-இல் அதைக்கொண்டு 35 ஆண்டுக் கணக்கு எழுத வழியில்லை. இல்லாத ஏட்டுக்குப் பதிலாக ஒரு மொட்டை விகிதத்தை வைத்தார்கள். அந்த விகிதம் எளியவர்களை அதிகம் கடித்தது. வெட்டு முதல் பகுதியோடு நின்றுவிடுவதால், 2024 கணக்கில் எவருக்கும் மாதம் 587 டாலருக்கு மேல் குறையாது. சராசரி 4000 டாலர் உள்ளவருக்கு அது மொத்தத்தில் நூற்றுக்கு முப்பது. சராசரி 1174-ஆக உள்ளவருக்குப் பாதிக்கும் மேல். வசதியுள்ளவன் ஏழை வேஷம் போடுவதைத் தடுக்க வந்த விதி மெய்யான எளியவர்களையே அதிகம் தொட்டது. பள்ளிச் சிற்றுண்டிக் கூடத்தில் வேலை பார்த்தவரும், இரவில் காவல் வேலை, பகலில் கடைவேலை என்று இரட்டை உழைப்பில் குடும்பம் நடத்தியவரும் இதில் அகப்பட்டார்கள். வெளிநாட்டு உத்தியோகத்தால் வரும் ஓய்வூதியமும் இந்த விதிக்கு உட்பட்டதே. இந்தியாவில் அரசுப் பணி முடித்து, பின்னர் அமெரிக்கா சென்று பத்து ஆண்டுகள் உழைத்து வரி கட்டியவர்களில் நம்மவரும் உண்டு. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதுபற்றிய உடன்படிக்கை எதுவும் இல்லை. அத்தகையோரின் கணக்கிலும் கத்தி விழ இடமிருந்தது.

விதியைவிட வலித்தது அதைப் பற்றிய மௌனம். அரசாங்கம் அனுப்பிவந்த கணக்கு அறிக்கையில் வெட்டுக்கு முந்தைய தொகையே அச்சாகியிருந்தது. அதை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓய்வுக்கு நாள் எண்ணியவர்களுக்கு, விண்ணப்பம் போடும் நாளில்தான் உண்மை தெரிந்தது. வேலையில் சேரும்போதே இதைச் சொல்லி ஊழியரிடம் கையொப்பம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் 2005-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

விதி தெரிந்தவர்களோ சந்து கண்டுபிடித்தார்கள். ஓய்வுக்கு முந்தைய கடைசி நாளன்று சோஷியல் செக்யூரிட்டி உள்ள வேலையில் இருந்தால் துணைவர் தொகையில் கழிப்பில்லை என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. டெக்சஸில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தம் கடைசி நாளை வேறொரு பள்ளி மாவட்டத்தில், எழுத்தராகவோ துப்புரவுப் பணியாளராகவோ உணவுக்கூட ஊழியராகவோ கழித்தார்கள். ஆயுள் முழுதும் இலக்கணம் கற்பித்தவர் ஒரு நாள் மட்டும் துடைப்பம் பிடித்து விதவைத் தொகையைக் காப்பாற்றிக்கொண்ட காட்சியை எந்த நாவலாசிரியரும் ஏனோ எழுதவில்லை. 2004-இல் சட்டத்தைத் திருத்தி, ஒரு நாள் போதாது, 60 மாதங்கள் வேண்டும் என்று சந்தை அடைத்தார்கள்.

ரத்து மசோதாக்கள் ஒவ்வொரு சட்டமன்றத்திலும் வந்து வந்து மடிந்தன. மெய்ன் மாநிலத்து செனட்டர் சூசன் காலின்ஸ் 2003-லேயே இதற்கென விசாரணை நடத்தியவர். இன்னொரு பக்கம், 515-ஐக் கொடுக்கும் விகிதாசாரக் கணக்கைக் கொண்டுவர டெக்சஸின் கெவின் பிரேடியும் மாசசூசெட்ஸின் ரிச்சர்ட் நீலும் தனித்தனியே முயன்றார்கள். இப்போது ஏடு இருந்தது, கணக்கும் இருந்தது. பாதித் திருத்தம் வேண்டாம், முழு ரத்தே வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் பிடிவாதமாக நின்றன. செலவைக் கண்டு மற்றவர்கள் தயங்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை.

2024-இல் திடீரென நடந்தது. லூசியானாவின் கேரட் கிரேவ்ஸ், வர்ஜீனியாவின் அபிகேல் ஸ்பான்பெர்கர் என்ற எதிரெதிர்க் கட்சியினர் இருவர், அவைத் தலைமையைத் தாண்டி மசோதாவை அவைக்கு இழுக்கும் கையொப்ப இயக்கத்தை வென்றார்கள். நவம்பர் 12 அன்று பிரதிநிதிகள் அவையில் 327-க்கு 75. டிசம்பர் 21 அன்று செனட்டில் 76-க்கு 20. பத்தாண்டில் சுமார் 196 பில்லியன் டாலர் செலவு, நிதி வற்றும் நாள் ஏறத்தாழ அரை ஆண்டு முன்னதாக வரும் என்று சட்டமன்றத்தின் சொந்தக் கணக்கு அலுவலகமே எச்சரித்திருந்தது. ஓய்வு வயதை உயர்த்தி இதை ஈடுகட்டலாம் என்று ராண்ட் பால் கொண்டுவந்த திருத்தத்துக்கு மூன்று பேரே வாக்களித்தார்கள். ஜோ பைடன் 2025 ஜனவரி 5 அன்று கையொப்பமிட, இரு விதிகளும் 2024 ஜனவரி முதலே இல்லாதவையாயின.

நம் கருத்தைக் கேட்டால், கழிப்பு போனதில் மகிழ்ச்சியடைய மனம் இருக்கிறது. மருந்துக்கடைப் பணிப்பெண்ணை நினைக்கும்போது அது முழுமையாகவில்லை. ஆசிரியைக்கு இனி 2100-ம் வரும், 1300-ம் வரும். பணிப்பெண்ணுக்கு அதே 1400-தான். 3500 டாலர் சம்பாதித்தவருக்கு மறுபடியும் 900. 515 என்ற எண் ஏட்டிலேயே தங்கிவிட்டது. நாற்பதாண்டு அவமதிப்புக்கு நஷ்டஈடு என்று இதை ஏற்றுக்கொள்ளலாம். சமமான கணக்கு என்று ஏற்றுக்கொள்ளச் சிரமமாக இருக்கிறது.

நிலுவையைப் பட்டுவாடா செய்வதில் அலுவலகம் வேகம் காட்டியது. 2025 ஜூலைக்குள் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டுவாடாக்களில் சுமார் 17 பில்லியன் டாலர் போய்ச் சேர்ந்தது. ஏட்டில் பெயர் இருந்தவர்களுக்கு இது தானாக நடந்தது. கணவர் இறந்த நாளில் ‘உங்களுக்குக் கழிப்புப் போக ஒன்றும் வராது’ என்று கேள்விப்பட்டு விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்ட விதவைகளுக்குப் பெயர் ஏட்டில் இல்லை. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். பின்தேதியிட்டுத் தருவது பொதுவாக விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஆறு மாதங்கள் வரைதான்.